காக்காப்பொன்னும் கோலார்ப் பொன்னும்

[காட்சி: வாய்க்கால் மணலில் வெயில். ஒரு கையில் ஜாம் போத்தல்.]

போன மாதம் ரியூசன் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பொடியன் மட்டும் நின்றான். பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். உன்னிச்சையில் மாமா வீட்டுக்குப் போனபோது வாய்க்காலில் அள்ளிய மணலாம். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் மஞ்சளாய் மினுங்குகிறது. “சேர், இது பவுணா?” என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்ற கவலை அவனுக்கு.

“இல்ல மனே, இது காக்காப்பொன்” என்றேன். விஞ்ஞானப் புத்தகத்தில் மைக்கா என்று வருமே, அதற்கு நம் முன்னோர் வைத்த பெயர். கறுப்பு மைக்கா வெயிலும் மழையும் பட்டுப் பழசாகும்போது, அதற்குள் இருக்கிற இரும்பு மாறிப் பொன்நிறம் எடுக்கும். மட்டக்களப்பு மாவட்டத்து வாய்க்கால்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

அவனுடைய முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் விடவில்லை. “அப்ப உண்மையான தங்கம் கல்லுக்குள்ள எப்படி சேர் போச்சு? இந்தியாவில இருக்கிற மாதிரி எங்கட மலையில ஏன் இல்ல?”

இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வீடியோ.

[காட்சி: அரிக்கன் சட்டியில் மணலும் தண்ணீரும். கை மெல்லச் சுழற்றுகிறது.]

முதலில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் அரிக்கன் சட்டி இருந்தால் எடுங்கள். உள்பக்கம் வரிவரியாக இருக்கிற அந்த மண்சட்டிதான். அம்மம்மா அரிசியில் கல் அரித்த சட்டி. தண்ணீரோடு அரிசியைச் சுழற்றிச் சுழற்றி வேறு பாத்திரத்தில் ஊற்ற, அரிசி போய்விடும், கல் அந்த வரிகளில் தங்கிவிடும். அரிசியை விடக் கல் பாரம். அவ்வளவுதான் சூத்திரம்.

மணலை அதே மாதிரி அரியுங்கள். காக்காப்பொன் தகடு தகடாய் மிதந்தாற்போல முதலிலேயே போய்விடும். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல மூன்று மடங்கு அளவில்தான். வெள்ளை மணல் அதையும் விடக் கொஞ்சம் லேசு. தங்கமோ தண்ணீரை விட 19 மடங்குக்கு மேல் பாரம். தங்கம் இருந்தால் எல்லாம் போன பிறகும் சட்டியின் அடியில் அசையாமல் கிடக்கும். கடைசியில் நம் சட்டியில் என்ன மிஞ்சியது தெரியுமா? கறுப்பாக ஒரு கோடு. அதை அப்படியே வைத்திருங்கள், பிறகு வருவோம்.

உலகத்தில் பல தங்கச் சுரங்கங்களின் கதை இப்படி ஒரு சட்டியில்தான் தொடங்கியது. நான் சொல்லப்போகிற சுரங்கமும் அப்படித்தான். கர்நாடகத்தில் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றரில் இருக்கிற கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றால் இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சினிமாவால். சினிமாவைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்த ஊரின் உண்மைக் கதை அதை விடப் பெரியது. அதில் பாதி தமிழில் நடந்த கதை.

[காட்சி: தென்னிந்திய வரைபடம். கோலாரில் வடக்குத் தெற்காக ஒல்லியான பச்சைக் கோடு.]

இந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்கள். நீளம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அகலம் சில கிலோமீற்றர்தான். இரண்டு பக்கமும் வெளிறிய கருங்கல். நடுவில் மட்டும் கரும்பச்சைக் கல். ஏறத்தாழ 270 கோடி வருடங்களுக்கு முன்பு எரிமலையிலிருந்து வழிந்த குழம்பு அது. பூமிக்கு வயது 454 கோடி என்றால் எவ்வளவு பழையது என்று கணக்குப் போடுங்கள். அப்போது மீன் இல்லை, மரம் இல்லை, புல் கூட இல்லை. அந்தக் குழம்பு ஆறி, புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, மடிந்து, நிமிர்ந்து நிற்கிறது. இப்படிப்பட்ட கல் வரிசையைப் புவியியலார் பச்சைக்கல் பட்டை என்பார்கள். அவுஸ்திரேலியா, கனடா, ஆபிரிக்கா என்று உலகின் பெரிய தங்கச் சுரங்கங்கள் பல இந்த மாதிரிப் பட்டைகளில்தான் இருக்கின்றன.

ஏன் இந்தக் கல்லில் மட்டும்? இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

எல்லாக் கல்லிலும் தங்கம் துளித் துளி இருக்கிறது. நம் வீட்டு அத்திவாரத்துக் கருங்கல்லிலும் இருக்கும். ஆனால் ஒரு தொன் கல்லில் ஒரு கிராமின் ஆயிரத்தில் சில பங்குதான். அதை எடுக்கிற செலவுக்குப் பத்துச் சங்கிலி வாங்கலாம். சுரங்கம் வேண்டுமென்றால் இயற்கை அந்தத் துளிகளைப் பெரும் பரப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் சேர்த்திருக்க வேண்டும். கூட்டிக்கொண்டு வந்தது சுடுதண்ணீர்.

[காட்சி: கையால் வரைந்த படம். ஆழத்துக் கல்லிலிருந்து வெடிப்பு வழியே நீர் மேலேறுகிறது.]

கல் ஆழத்தில் புதைந்து வேகும்போது அதன் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடந்த நீர் வெளியேறும். நூற்றுக்கணக்கான பாகைச் சூடு. மேலே அத்தனை கல் அமுக்குவதால் ஆவியாகவும் முடியாது. அந்த நீரில் கந்தகமும் கரைந்திருக்கும். தனித் தண்ணீரில் தங்கம் கரையாது. கந்தகம் துணைக்கு வந்தால் கரையும். போகிற வழியெல்லாம் துளித் துளியாய்த் தங்கத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு நீர் மேலே வரும்.

நிலம் அசையும்போது கல்லில் வெடிப்பு விழும். வெடிப்புத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்த மாதிரி. அழுத்தம் குறைந்தால் கரைந்திருந்தது கரைந்தபடி இருக்காது. வெள்ளைப் படிகக்கல் வெடிப்பை அடைத்துக்கொண்டு படியும், தங்கமும் அதோடு படியும். பச்சைக் கல்லின் விசேடம் என்னவென்றால், அதில் இரும்பு நிறைய. கந்தகம் இரும்பைக் கண்டதும் தங்கத்தை விட்டுவிட்டு இரும்போடு சேர்ந்துகொள்ளும். துணை போனதும் தங்கம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். வெடிப்பு அடைபட, கீழே அழுத்தம் மறுபடி கூட, மறுபடி வெடிக்க, மறுபடி படிய… இப்படிப் பலமுறை. ஒரு வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் எத்தனை பூமியதிர்ச்சி என்று நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

கோலாரில் அந்த வெள்ளைக் கோடுகளில் பெரியதுக்குப் பெயர் சாம்பியன் லோட். தரையில் பார்த்தால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்துக்கு அதைத் தொடர்ந்து வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அகலம்? பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடும். சுவரை நட்டு நிறுத்திய மாதிரிச் செங்குத்தாக, கொஞ்சம் மேற்கே சாய்ந்தபடி கீழே போகிறது. போகிறது, போகிறது, மூன்று கிலோமீற்றருக்கு மேல் போகிறது. தங்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கல் மடிந்த முடுக்குகளில் கொழுத்துக் கிடக்கும், அடுத்த 50 அடியில் வெறும் வெள்ளைக்கல். சுரங்கக்காரரை ஒரு வாரம் பணக்காரனாக்கி அடுத்த வாரம் ஓட்டாண்டியாக்கும் கல் அது.

[காட்சி: மாட்டுவண்டி நிறைய மண். மூங்கில் கூடை, தண்ணீர்.]

இனி மனிதர் கதை. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்கும் வேலைக்கு 1802இல் ஒரு இராணுவ அதிகாரி வந்தார். பெயர் ஜோன் வாரன். அந்தப் பக்கத்தில் பொன் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்து ஆட்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்முன்னாலேயே அரித்துக் காட்டினார்கள். நம் அரிக்கன் சட்டி வேலைதான். வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று பல இடத்தில் எழுதியிருக்கும். அவர் கண்டது, அந்த ஊர்ச் சனம் ஏற்கனவே செய்துகொண்டிருந்ததை. அவர் காலத்துக்கு முன்பே அங்கே ஆழமான பழங்குழிகளும் இருந்தன.

இந்த வாரனைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக மனமில்லை. பிற்காலத்தில் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, எழுதாமல், மனப்பாடச் சூத்திரங்களாலேயே சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் பார்த்து 1825இல் எழுதி வைத்தவரும் இவர்தான். நம் ஆட்களின் அறிவை எழுதி வைக்கும் அளவுக்காவது மதித்தவர்.

கோலார்ப் பொன்னைப் பற்றி வாரன் எழுதியது கிடப்பில் கிடந்தது. 1871இல் அதைப் படித்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் இருந்தவர். அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் அனுமதி எடுத்தார். அவரிடம் போதிய பணம் இல்லை, கைமாறியது. 1880இல் ஜோன் டெயிலர் அன்ட் சன்ஸ் என்ற இலண்டன் கம்பனி வந்தது. அவர்களும் தோண்டித் தோண்டிப் பணத்தைத் தொலைத்தார்கள். ஏறத்தாழ மூடிவிட்டுப் போகிற நிலை. 1880களின் நடுவில் பிளம்மர் என்ற சுரங்கக் கப்டன் பழங்காலத்துக் குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தார். அங்கே இருந்தது சாம்பியன் லோட். பழைய ஆட்கள் தண்ணீர் ஊறியதால் நிறுத்திவிட்டுப் போன இடத்திலிருந்து கீழே கொழுத்த தங்கம். அவர்களிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: பம்பு.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று வரிசையாகச் சுரங்கங்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, 140 கிலோமீற்றருக்கு மேல் கம்பி இழுத்துக் கோலாருக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் மின்சாரம் போனது அன்றைக்கு உலகத்திலேயே அரிது. பெங்களூர் நகருக்கு மின்சாரம் வந்ததே 1905இல்தான். நகரத்துக்கு முன்னால் சுரங்கத்துக்கு வெளிச்சம் வந்தது.

[காட்சி: பழைய தொழிலாளர் குடியிருப்பின் வரிசை வீடுகள். பின்னணியில் சாம்பல் நிற மேடு.]

சரி, கீழே இறங்கியது யார்?

மேலே இங்கிலாந்தின் கொர்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் கப்டன்கள், ஆங்கிலோ இந்தியர், கிளப், பங்களா. கீழே கல்லைத் துளைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர். தெலுங்கரும் இருந்தார்கள். தமிழரில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து ஒரு கூட்டம் கடல் கடந்து நம் மலையகத்துத் தோட்டங்களுக்கு வந்தது. இன்னொரு கூட்டம் கோலாருக்குப் போனது. ஒரு கூட்டத்துக்கு லயம், மற்றக் கூட்டத்துக்குத் தகரக் குடிசை. மலையகத்துக் கதையை நாம் ஓரளவாவது பேசுகிறோம். கோலார்த் தமிழரின் கதை நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு அது வருத்தம்.

அவர்கள் சும்மா இருந்தவர்களும் இல்லை. சாதியை எதிர்த்த அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது. பள்ளிக்கூடம் கட்டினார்கள், வாசித்தார்கள், விவாதித்தார்கள். 1930இல் கம்பனி எல்லாரிடமும் கைரேகை வாங்க வேண்டும் என்றபோது வேலையை நிறுத்தினார்கள்.

[காட்சி: பிதுருதலாகல மலையின் படம். அது தலைகீழாகத் திரும்பி நிலத்துக்குள் இறங்குகிறது.]

ஆழத்தைச் சொல்கிறேன். நம் நாட்டின் உயரமான மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர். அதை அப்படியே தலைகீழாக்கிச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் இறக்கினால், உச்சி அடியைத் தொடாது. இன்னும் 600 மீற்றருக்கு மேல் மிஞ்சும். மொத்த ஆழம் ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர். ஒரே கயிற்றில் இறங்கவும் முடியாது. ஒரு கூண்டில் இறங்கி, நடந்து, அடுத்த கூண்டில் ஏறி மறுபடி இறங்க வேண்டும்.

அந்த ஆழத்தில் கல்லின் சூடு 60 பாகையைத் தாண்டும். சுவரில் கை வைத்தால் சுடும். மேலே பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை வைத்துக் குளிர்காற்றைக் கீழே தள்ளித்தான் ஆட்களை வேலை செய்ய விட்டார்கள். சித்திரை வெயிலில் வயலில் நிற்கிறவனுக்கு ஒரு மரநிழலாவது இருக்கும்.

சூட்டை விடப் பயம், கல் வெடிப்பது. மூன்று கிலோமீற்றர் கல்லின் பாரம் மேலே அழுத்திக்கொண்டிருக்க, நடுவில் வெள்ளைக் கோட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு பக்கச் சுவரும் உள்நோக்கி நெருங்கும். பச்சைக் கல் கெட்டியானது. வளையாது, தாங்கும், தாங்கும், ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். மேலே ஊரில் பூமியதிர்ச்சி வந்த மாதிரி வீடுகள் ஆடும். முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். மரம் நசுங்கியது. அப்புறம் வெட்டிய இடத்தை நிரப்பிக் கருங்கல்லால் சுவர் கட்டிக்கொண்டே போனார்கள். அதாவது தங்கக் கல்லை மேலே அனுப்பிவிட்டு, வேறு கல்லைக் கீழே இறக்கிச் சுவர் கட்ட வேண்டும். வெடிப்பில் தப்பியவரையும் தூசி விடவில்லை. படிகக்கல்லின் தூசி நெஞ்சுக்குள் போய்ப் படிந்து, சிலிக்கோசிஸ் என்ற நோயாக மூச்சைப் பிடிக்கும். அதற்கு மருந்து இல்லை.

இவ்வளவு ஆழத்தில் இருந்ததால் இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. வானத்திலிருந்து வரும் மற்றத் துகள்களைக் கல் தடுத்துவிடும், நியூத்திரினோ என்ற நுண்துகள் மட்டும் ஊடுருவும். 1965இல் சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூத்திரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்தவர்களில் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

[காட்சி: நகைக்கடைத் தராசு. ஒரு தாலிக்கொடி.]

மேலே வந்த கல்லை இயந்திர உலக்கைகளால் இடித்து மாவாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓட விடுவார்கள். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். தப்பிப் போகிற நுண்பொடியைச் சயனைட்டுக் கரைசலில் கரைத்து, துத்தநாகத்தைப் போட்டுத் திருப்பி எடுப்பார்கள். 1880 முதல் 2001 வரை 120 வருடத்தில் 5 கோடி தொன்னுக்கு மேற்பட்ட கல்லை இடித்து, 800 தொன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள்.

இதைப் பவுணில் சொன்னால்தான் நமக்கு விளங்கும். ஒரு பவுண் 8 கிராம். 800 தொன் என்றால் 10 கோடி பவுண். ஆனாலும் தங்கம் அவ்வளவு பாரமானதால், எல்லாவற்றையும் உருக்கி ஊற்றினால் 12 அடிக்கு 12 அடி, 11 அடி உயரத்தில் ஒரு சாதாரண அறைக்குள் அடங்கிவிடும். இப்போது கல்லைக் கணக்குப் பாருங்கள். சராசரியாக ஒரு தொன் கல்லில் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு பவுண். பத்துப் பவுணில் ஒரு தாலிக்கொடி என்றால், அதற்காக ஐந்து தொன் கல்லை மூன்று கிலோமீற்றர் வரை ஆழத்தில் உடைத்து மேலே தூக்கியிருக்கிறார்கள். வீடு கட்ட நாம் இறக்குகிற கருங்கல்லில் ஒரு கியூபுக்கும் கொஞ்சம் கூட.

ஆழம் கூடக் கூடத் தங்கம் குறைந்தது, செலவு கூடியது. உலகத்தில் தங்கத்தின் விலையோ 1934 முதல் 1971 வரை ஓர் அவுன்சு 35 டொலர் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்தது, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற அரச கம்பனி. 2001 பெப்ரவரி 28இல் மூடினார்கள். பம்புகள் நின்றன, சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. இடித்து அரைத்த மாவு மட்டும் சயனைட் மேடுகளாய் ஊருக்குள் நிற்கிறது. காற்று அடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வரும். ஆட்களில் பலர் இன்னமும் அங்கேதான். விடியற்காலையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வீட்டில் தமிழ்தான்.

[காட்சி: தாந்தாமலை. பின்பு தூரத்தில் குடும்பிமலை.]

இப்போது பொடியனின் இரண்டாவது கேள்வி. எங்கட மலையில் ஏன் இல்லை?

தாந்தாமலையில் ஏறும்போது காலடிக் கல்லைக் கவனியுங்கள். வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாய் இருக்கும். குடும்பிமலையும் அப்படித்தான். பாடப்புத்தகத்தில் விஜயன் தொடர் என்று படித்தது இதுதான். கிழக்கு இலங்கையின் அடித்தளம் முழுக்க இந்தக் கல். வயது ஏறத்தாழ 100 கோடி வருடம். கோலார்க் கல்லுக்கு முன்னால் இது பேரப்பிள்ளை. அப்புறம் ஏறத்தாழ 55 கோடி வருடத்துக்கு முன்பு, இந்தியா, மடகாஸ்கர், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், இது பூமியின் ஆழத்தில் மறுபடி ஒருமுறை வெந்தது. இரும்பு நிறைந்த பழைய எரிமலைக் குழம்பின் பட்டை, அதில் வெடிப்பு, அதில் கந்தக நீர்… கோலாரில் ஒன்றுசேர்ந்த அந்த வரிசை நம் பக்கத்தில் அமையவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். மலையடிவாரங்களில், பழைய கட்டட இடிபாடுகளில் இரவில் புதையல் தோண்டுகிற வேலை இன்னும் நடக்கிறது. மினுங்குகிறது என்று சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் காட்டுவது பெரும்பாலும் காக்காப்பொன். அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டு அரித்துப் பாருங்கள், விடை அங்கேயே கிடைக்கும். உடைந்த பழந்தூணைத் திருப்பி எடுக்க முடியாது.

[காட்சி: மறுபடி அரிக்கன் சட்டி. அடியில் கறுப்புக் கோடு. பழைய ஸ்பீக்கரின் காந்தம் கிட்ட வருகிறது.]

சட்டியில் மிஞ்சிய கறுப்புக் கோடு ஞாபகம் இருக்கிறதா? அதைக் காயவைத்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கடதாசியில் சுற்றிக் கிட்டக் கொண்டுபோங்கள். கொஞ்சம் துள்ளி ஒட்டும். அது மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ஒட்டாமல் கிடக்கிற கறுப்பில் இல்மனைட் என்ற இன்னொரு கனிமம் இருக்கும். புல்மோட்டையில் கடல் கரைசேர்த்துக் குவித்திருப்பதும் அந்த இல்மனைட்தான். கோலாரில் நீருக்குத் தங்கம் கிடைத்தது, நம் கரையில் அலைக்கு இது கிடைத்தது. அது எந்த மலையிலிருந்து, எந்த ஆற்றோடு வந்தது, அதை அள்ளினால் கரைக்கு என்ன ஆகும் என்பது அடுத்த வீடியோ. அதற்குத் திருக்கோவில் கடற்கரையில் போய் நின்று பேச இருக்கிறேன். அந்தப் பொடியனும் வருகிறான், ஜாம் போத்தலோடு.